இருபதுக்குப் பதினெட்டு

அக்டோபர் 7, 1996, திங்கள்

இரண்டாம் ஆண்டுக்குத் தவளை மூளை. மண்டையோட்டைத் திறந்து மூளையைச் சிதையாமல் எடுத்தவர்கள் முப்பத்தாறு பேரில் நான்கு பேர். மற்றவர்கள் எடுத்தது கஞ்சி. ஒருத்தி மட்டும் கையைத் தூக்கி, "மேடம், தவளை யோசிக்குமா?" என்றாள். முதலில் நீ யோசி, தவளையைப் பிறகு பார்ப்போம் என்றேன். வகுப்பே சிரித்தது. சிரிப்பதற்கு அவர்களுக்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை.

இந்தப் பத்தாண்டை மூளையின் பத்தாண்டு என்று அமெரிக்கா அறிவித்து ஆறு வருடமாகிறது. எங்கள் விலங்கியல் துறைக்கு இன்னும் தகவல் வரவில்லை. எட்டு நுண்ணோக்கிகளில் மூன்று வேலை செய்கின்றன. துறைத் தலைவர் டிசம்பரில் ஓய்வு பெறுகிறார். அடுத்து யார் என்ற பேச்சு பணியாளர் அறையில் தொடங்கிவிட்டது. எனக்கு ஆறு வருடம் பின்னால் சேர்ந்த சத்தியராஜ், முதல்வரின் பேத்தி பிறந்தநாளுக்குப் போய் பலூன் ஊதியிருக்கிறார். இதுவும் ஆராய்ச்சி அனுபவத்தில் சேரும் போலிருக்கிறது.

தமிழ்நாட்டுப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து எல்லை கடந்து கேரளத்துப் பாறசாலை வந்து சேர ஆறு மணி. வழக்கம்போல இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள மதிலைச் சுற்றிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி, எங்கள் பேச்சில் மைனி, வாசலிலேயே நின்றாள்.

"பிரேமா, இன்னைக்கு உனக்க அண்ணன் சாயா கேட்டு வாங்கிக் குடிச்சாரு, தெரியுமா?"

"என்ன சொல்லிக் கேட்டாரு?"

"தத்தன்னு சொன்னாரு."

"நேத்து குளிக்கணும்னதுக்கும் அதத்தானே சொன்னாரு மைனி?"

"அது வேற தத்த. இது வேற தத்த."

சோமன் அண்ணன் தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்தவர். தமிழிலும் மலையாளத்திலும் அவர் எழுதிக் கொடுத்த மனுக்களைக் கலெக்டர்கள் இரண்டாம் முறை படிப்பார்களாம். ஜூன் மாதம் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். ஸ்கேன் படத்தில் மூளையின் இடது பக்கம், சொற்கள் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கறுப்புத் திட்டு. வலது கை போயிற்று. வாயில் மிஞ்சியது ஒரே ஒரு ஒலி. அந்த ஒலிக்கு விலாசினி மைனி தினமும் அகராதி எழுதுகிறாள்.

அக்டோபர் 9, புதன்

இன்று 'தத்த' என்றால் விசிறி.

அக்டோபர் 12, சனி

வெள்ளறடையில் ஒரு கல்யாணம். திரும்பும் வழியில் பனச்சமூட்டில் பஸ்ஸுக்காக ஒரு மணி நேரம் நின்றேன். ஜெயசிங் என்பவரின் சாயாக்கடை முன்னால் கூட்டம். கூட்டத்துக்கு நடுவில் ஒரு கிடா ஆடு, அதன் முன்னால் ஒரு பலகை. பெயர் கணக்கு சார். கேட்ட கணக்குக்குக் குளம்பால் பலகையில் தட்டி விடை சொல்லுமாம்.

"ஏழில மூணு போனா எத்தற சாரே?" என்றார் ஜெயசிங். ஆடு நான்கு முறை தட்டி நிறுத்தியது. கூட்டம் ஆர்ப்பரித்தது. தமிழில் கேட்டாலும் தட்டும், மலையாளத்தில் கேட்டாலும் தட்டும், இரண்டு மாநிலத்துக்கும் பொதுவான ஆடு என்று ஒருவர் எனக்கு விளக்கினார்.

"எந்தா டீச்சரே, சிரிப்பு வருதா?" ஜெயசிங் என்னைத்தான் கேட்டார்.

"நான் சிரிக்கல்ல."

"அது செரி. நீங்க சிரிக்காம நிக்கத நான் தூரத்திலயே கண்டேன்."

நான் ஆட்டைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்களில் யாரும் விரலால் சுட்டுவதில்லை. வழி காட்டினாலும், ஆளைக் காட்டினாலும், உப்பு எங்கே என்றாலும் தாடைதான் எழும். சரியான எண் வந்ததும் ஜெயசிங்கின் தாடை ஒரு நெல்லளவு மேலே போகிறது. ஆடு நிறுத்துகிறது. அவ்வளவுதான் கணிதம்.

தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் பெர்லினில் ஒரு குதிரை இதையே செய்தது. பேராசிரியர்கள் குழு அமைத்து வியந்தார்கள். கடைசியில் ஓர் இளைஞர் வந்து, கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியாது என்று காட்டினார். ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்கிறேன். பனச்சமூட்டிலிருந்து வரும் மாணவர்களுக்கும்தான்.

அக்டோபர் 19, சனி

போயிருக்க வேண்டாம். போனேன்.

பத்துக் கணக்குகள். ஜெயசிங்குக்குக் கேட்கக் கூடாது என்பதால் ஆட்டின் காதில் நானே சொல்ல வேண்டியிருந்தது. ஐம்பதை நெருங்கும் கல்லூரி ஆசிரியை, ஜங்ஷனில், ஆட்டின் காதுக்குள் "ரெண்டும் ஒண்ணும்" என்று முணுமுணுத்துவிட்டு அதன் வாலுக்குப் பின்னால் போய் நின்றாள். இதை எந்த ஆய்விதழும் கேட்காது.

முதல் கணக்குக்குப் பதினாலு தட்டியது. இரண்டாவதற்குப் பதினொன்று. தட்டிக்கொண்டே ஜெயசிங் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கு விடை தெரியாது. அதனால் அதற்கும் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. பத்தில் ஒன்று சரி. அதுவும் களைத்துப்போய் நிறுத்தியது.

தாடை விஷயத்தைச் சொன்னேன். ஜெயசிங் ஏமாற்றுக்காரர் இல்லை; உண்மையாகவே நம்பியிருக்கிறார். ஆட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பம் நாலு வருஷமாட்டு இவன் எனக்க மூஞ்சியத்தான் படிச்சுக்கிட்டு இருந்தானா?"

"ஆமா."

"எனக்க கெட்டினவ இருபத்தஞ்சு வருஷமாட்டு இந்த மூஞ்சியப் பாக்கா டீச்சரே. ஒரு எழுத்து படிச்சதில்ல."

எல்லாரும் சிரித்தார்கள். பொய் உடைந்த இடத்தில் இப்படித்தான் சிரிக்கிறார்கள். வெட்கம் கிடையாது.

அக்டோபர் 24, வியாழன்

மஸ்கட்டிலிருந்து அண்ணன் மகன் அனூஜின் கடிதம். அம்மாவுக்கு அல்ல, எனக்கு. கல்லூரி முகவரிக்கு அனுப்பியிருக்கிறான்.

"அத்தை, தன்யாவுக்கு ஜனவரி கடைசியில் பிரசவம். இங்கே யாரும் இல்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வர எல்லாம் தயார். ஆனால் அப்பாவை விட்டு வரமாட்டேன், அவருக்கு நான் சொல்வது எல்லாம் புரியும் என்கிறாள். அம்மா சொல்வதை நான் நம்பவில்லை. அத்தைதான் இதைப் படித்தவர். உண்மையில் அப்பாவுக்குப் புரிகிறதா? புரியும் என்றால் அம்மாவை அங்கேயே விட்டுவிடுகிறேன். புரியாது என்றால், அதியன்னூர்ப் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்தும் இல்லத்தில் சொல்லி வைத்திருக்கிறேன், நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள். ஆமாம் அல்லது இல்லை என்று எழுதுங்கள். அதன்படி செய்கிறேன்."

நல்ல பையன். ஒரு வருடத்தில் எனக்கு வந்த அறிவுள்ள கேள்வி இது ஒன்றுதான்.

அக்டோபர் 27, ஞாயிறு

காலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்து மைனியைக் கவனித்தேன். "சோறு வேணுமா, கஞ்சி வேணுமா?" என்று கேட்கிறாள். 'கஞ்சி' என்னும்போது தாடை அடுப்படிப் பக்கம் எழுகிறது; கஞ்சிதான் வைத்திருக்கிறாள். அண்ணன் இடது கையை அடுப்படிப் பக்கம் நீட்டி "தத்த" என்கிறார். "கண்டியா பிரேமா, கஞ்சி மதி, அது போதும்னு சொல்லுதாரு" என்கிறாள்.

கணக்கு சாருக்குப் பலகை உண்டு. அண்ணனுக்கு அதுவும் இல்லை.

நவம்பர் 1, வெள்ளி

சத்தியராஜ் எனக்கு ஒரு லட்டு தந்தார். என்ன விசேஷம் என்றேன். சும்மா என்றார்.

நவம்பர் 3, ஞாயிறு

பரிசோதனை முடிந்தது.

கட்டிலுக்குக் குறுக்கே கயிறு கட்டி ஒரு போர்வையைத் தொங்கவிட்டேன். இந்தப் பக்கம் அண்ணன், முன்னால் ஒரு தட்டில் நான்கு பொருட்கள். அந்தப் பக்கம் நான். ஒரு பொருளின் பெயரைச் சொல்வேன். அதை எடுக்க வேண்டும். இருபது முறை, ஒவ்வொரு முறையும் வேறு நான்கு. பத்துத் தமிழில், பத்து மலையாளத்தில். வேலைக்கு வரும் ஞானபாய் அறை மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, எடுத்ததை மட்டும் திரும்பிப் பார்த்துச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலே ஐந்து சரியாக வரும். அண்ணனுக்கு வந்தது ஆறு.

மைனி அடுப்படியில் இருக்கச் சம்மதித்தாள். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"போர்வைக்குப் பெறத்தால நின்னு கூப்பிட்டா அவரு எப்பிடிச் சொல்லுவாரு? நீ என்ன பேயா?"

"காது நல்லா கேக்குதுல்லா மைனி? சொல்லு புரிஞ்சா எடுப்பாரு. புரியல்ல."

"ஆளக் காணாம என்னத்தப் புரியும்?"

விஞ்ஞானம் அவளுக்குப் புரியப்போவதில்லை. போர்வையை மடித்து வைத்தேன். அண்ணன் தட்டில் மிஞ்சிய சீப்பை எடுத்து என் பக்கம் நீட்டினார். நான் சீப்பைக் கேட்கவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

அனூஜுக்கு எழுதி முடித்தேன். ஒன்றரைப் பக்கம். "உன் அப்பாவுக்குச் சொற்கள் புரியவில்லை. உன் அம்மா தன்னை அறியாமல் குறிப்புக் கொடுக்கிறாள். அவர் அதைப் பின்பற்றுகிறார். அதை அவள் புரிதல் என்று நம்புகிறாள். உன் கேள்விக்கு என் பதில்: இல்லை."

தெளிவான கடிதம். உறையில் போட்டு ஒட்டிவிட்டேன்.

நவம்பர் 7, வியாழன்

கடிதம் கைப்பையில்தான் இருக்கிறது. தபாலாபீஸ் வழியாகத்தான் தினமும் போகிறேன். வெளிநாட்டுக்கு எவ்வளவு தபால்தலை என்று கேட்க வேண்டும், கூட்டமாக இருந்தது. இரண்டு பேர் நின்றால் கூட்டமா என்று வேறு யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

நவம்பர் 10, ஞாயிறு. தீபாவளி

முந்திரிக்கொத்து கொண்டு போனேன். எப்போதும்போல உள்ளே போனேன், எப்போதும்போல நாற்காலியில் உட்கார்ந்தேன், எப்போதும்போல "என்னண்ணா" என்றேன். அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

மைனி இடுப்பில் கை வைத்து நின்றாள். "நீ என்ன செஞ்சே?"

"ஒண்ணும் செய்யல்ல."

"அஞ்சு நாளாச்சு, உன்னக் கண்டா மூஞ்சியத் திருப்புதாரு. உனக்க பேரச் சொன்னா ஒண்ணும் இல்ல. உன்னக் கண்டா அழுதாரு. என்ன செஞ்சே, சொல்லு."

பக்கவாதத்தில் அழுகையும் சிரிப்பும் தடையில்லாமல் வரும், அதற்குக் காரணம் தேட வேண்டாம் என்று விளக்கினேன். என் குரல் வகுப்புக் குரலாகத்தான் இருந்தது.

"எல்லாத்துக்கும் ஒரு விளக்கம் வச்சிருக்கே. உனக்கு மூஞ்சியே கெடையாதுன்னு நெனச்சோண்டு நடக்கே நீ. சின்னப் பிள்ளையிலேருந்து அப்பிடித்தான். அம்மை செத்த அன்னைக்கும் கல்லு மாதிரி நின்னே. அவரு எங்கிட்டச் சொன்னாரு அன்னைக்கு, 'பிரேமாவ யாராவது கூட்டிக்கிட்டுப் போயி ஒரு இடத்தில இருத்துங்கோ, இப்பம் விழுவா'ன்னு. வேற ஒருத்தருக்கும் தெரியல்ல."

எனக்கு அது நினைவில்லை. யாரோ என்னைக் கிணற்றடிக்கு அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்தார்கள், அது நினைவிருக்கிறது. அண்ணன் அனுப்பித்தான் வந்தார்கள் என்பது இத்தனை வருடத்தில் தெரியாது.

இதெல்லாம் ஆதாரம் ஆகாது. கடிதம் பையில் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆனால் ஐந்து நாளைக்கு முன்னால்தான் கடிதம் எழுதினேன். சே— தேதி ஒத்துப்போவதை எல்லாம் காரணம் என்று பிடித்துக்கொள்கிறவர்களை நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன்.

நவம்பர் 16, சனி

பனச்சமூட்டுக்குப் போனேன். இந்த முறை கல்யாணம் என்று சொல்லிக்கொள்ளவும் ஒன்றும் இல்லை.

கடையில் முன்னைவிடக் கூட்டம். 'சயின்ஸ் டீச்சர் டெஸ்ட் பண்ணின ஆடு' என்று ஒரு அட்டை தொங்குகிறது. தோற்றது என்பதை யாரும் எழுதவில்லை.

ஜெயசிங் சாயா கொண்டுவந்து வைத்தார். "டீச்சரே, ஒரு காரியம். இவன் எனக்க மூஞ்சிய மட்டும் இல்ல, வாறவன் போறவன் மூஞ்சிய எல்லாம் படிக்கான். சந்தைக்கு வாற செல்லசாமி கேட்டாரு, சரியாட்டு தட்டினான். நீங்க கேட்டுப் பாருங்கோ."

"எனக்க மூஞ்சியில அதுக்கு ஒண்ணும் கெடைக்காது."

"அதத்தான் காணணும்."

எல்லாரையும் பின்னால் போகச் சொன்னேன். ஜெயசிங்கைக் கடைக்குள் அனுப்பினேன். மனதுக்குள் ஐந்து என்று வைத்துக்கொண்டு, தாடையை மார்போடு அழுத்திக்கொண்டு, ஆட்டின் முன்னால் மரம்போல நின்றேன். ஐந்து தட்டியது. நிறுத்தியது. மஞ்சள் கண்ணால் என்னைப் பார்த்தது. மூன்று என்று வைத்துக்கொண்டேன். மூன்று. ஒன்பது. ஒன்பது தட்டிவிட்டு என் சேலைத் தலைப்பைத் தின்ன வந்தது.

"எந்தாச்சு டீச்சரே?" என்று உள்ளேயிருந்து குரல். பஸ் ஏறிவிட்டேன். சாயா குடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பழைய குறிப்பேட்டை எடுத்தேன். பெர்லின் குதிரையைச் சோதித்த அந்த இளைஞரால், ரகசியத்தைக் கண்டுபிடித்த பிறகும், குறிப்புக் கொடுக்கக் கூடாது என்று உறுதியாக நின்ற பிறகும், தன் தலை அசைவதை நிறுத்த முடியவில்லை. குதிரை அவரையும் படித்தது. என் கையெழுத்தில்தான் எழுதியிருக்கிறது. இருபது வருடமாக இந்தக் கடைசிப் பகுதியை வகுப்பில் நான் சொன்னதில்லை. குதிரை தோற்றது என்ற இடத்தில் மணி அடித்துவிடும்.

அதற்குக் கணக்குத் தெரியாது என்று நிரூபித்தோம். அதற்கு என்ன தெரியும் என்று எத்தனை பேர் கேட்டோம்?

நவம்பர் 17, ஞாயிறு

இரண்டு தேங்காய்ச் சிரட்டைகள், ஒரே அளவு. ஒன்றின் அடியில் ஒரு ஏத்தங்காய்ச் சிப்ஸ். ஞானபாய் அடுத்த அறையில் மறைத்து, தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவாள். எதிரில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். எது என்று அவருக்குத் தெரியும் சுற்று ஒன்று. அறையில் இருக்கும் யாருக்கும் தெரியாத சுற்று ஒன்று. பேச்சு கிடையாது. கை மடியில். அண்ணன் ஒரு சிரட்டையைத் தூக்க வேண்டும்.

மைனியின் தாடையைப் பல்வலிக்காரிபோல ஒரு துண்டால் உச்சந்தலையோடு சேர்த்துக் கட்டினேன். "இதும் விஞ்ஞானமா?" என்று துண்டுக்குள்ளிருந்து கேட்டாள். ஞானபாய் சிரித்துச் சிரித்து ஒரு சிரட்டையை உடைத்துவிட்டாள், வேறு கொண்டுவந்தோம்.

மைனிக்குத் தெரியும்போது: இருபதுக்குப் பத்தொன்பது.
யாருக்கும் தெரியாதபோது: ஒன்பது. ஆக, மணமும் இல்லை, தட்டின் ஓசையும் இல்லை.

தாடை கட்டியிருந்தும் பத்தொன்பது. அப்படியென்றால் தாடை மட்டும் அல்ல. கண்ணா, மூச்சா, தோளா? எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிகிறது.

பிறகு நான் உட்கார்ந்தேன். இன்று அவர் முகத்தைத் திருப்பவில்லை. துண்டு வேண்டாம் என்றேன். இந்த முகத்தை இருபத்திரண்டு வருடமாக மாணவர்களும் மூன்று முதல்வர்களும் பார்த்திருக்கிறார்கள். யாருக்கும் ஒன்றும் கிடைத்ததில்லை. பெண் பார்க்க வந்தவர்கள்கூட, இந்தப் பிள்ளைக்கு விருப்பமா இல்லையா என்றே தெரியவில்லையே என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

இருபதுக்குப் பதினெட்டு.

தவறிய இரண்டு தடவையும் அவர் சிரட்டையைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்து, ஒரு பக்கமாகக் கோணிய வாயோடு சிரித்தார். ஜூனுக்குப் பிறகு முதல் சிரிப்பு. கை அது பாட்டுக்குப் பக்கத்தில் கிடைத்த சிரட்டையில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

ஞானபாயை உட்கார வைத்தேன், மறைத்தது நான். அவளுக்கு இருபதுக்குப் பதினைந்து. ஜூலையிலிருந்து தினமும் அவரைத் துடைத்துவிடுகிறவள்.

"அப்பம் நான் மூணு மார்க்கு கொறவா டீச்சரம்மா?" வருத்தமாகவே கேட்டாள்.

நவம்பர் 23, சனி

அந்நியர்கள் வேண்டும். அதுதான் இப்போது கேள்வி. இல்லத்தில் இருப்பவர்கள் எல்லாரும் அந்நியர்கள்.

மீட்டர் பார்க்க வந்த மின்வாரிய ஆளைப் பிடித்தேன். "சேச்சி, எனக்கு இன்னும் அறுபது வீடு உண்டு" என்று கெஞ்சினார். அண்ணன் அவருடைய தொப்பியையும் டார்ச்சையும் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் எதுவும் அகப்படவில்லை. இருபதுக்குப் பதினொன்று. காரோட்டிலிருந்து மீன் கொண்டுவரும் பெண்ணையும் உட்கார வைத்தேன். வாசலோடு போகிறவள், உள்ளே வந்ததில்லை. "எனக்க மீனு நாறிப்போவும் டீச்சரே, இது என்ன வெளையாட்டு?" என்று திட்டிக்கொண்டே இருந்தாள். ஒன்பது.

மைனி, நான், ஞானபாய், அந்நியர். பத்தொன்பது, பதினெட்டு, பதினைந்து, பத்து. இரண்டே அந்நியர்களை வைத்துக்கொண்டு எந்தத் தலைவரிடமும் இதை நீட்ட முடியாது. ஆனால் வரிசை கண்ணில் குத்துகிறது.

நவம்பர் 24, ஞாயிறு

பழைய உறையைப் பிரித்தேன். அந்தக் கடிதத்தை இந்தப் பக்கத்தில் மடித்து வைத்திருக்கிறேன். கிழித்துப்போட்டால் எழுதவே இல்லை என்று நாளைக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

புதியது:

"அன்புள்ள அனூஜ், ஆமாம், இல்லை என்று எழுதச் சொன்னாய். கேள்வி தவறு. தவறான கேள்விக்கு நான் மூன்று வாரம் செலவழித்தேன்.

உன் அப்பாவுக்குச் சொற்கள் புரியவில்லை. இதில் சந்தேகம் வேண்டாம். உன் அம்மாவின் அகராதி பொய். ஆனால் அவருக்கு ஆட்கள் புரிகிறார்கள். நாம் வாயைத் திறப்பதற்கு முன்னால் நம் முகத்தில் என்ன நடக்கிறதோ அதை எல்லாம் படிக்கிறார், நாம் மறைக்க நினைப்பதையும் சேர்த்து. எண்கள் இணைப்பில் உள்ளன. பழகிய முகம் என்றால் படிக்கிறார். பழகாத முகம் அவருக்கு வெறும் சுவர். இல்லத்தில் அவரை நன்றாகவே பார்த்துக்கொள்வார்கள். ஆனால் அங்கே அவருக்குத் தெரிந்த மொழி பேச ஒருவரும் இருக்கமாட்டார்கள். புதிய முகங்களைப் பழக எவ்வளவு நாளாகும், பழகுவாரா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்றே எழுதுகிறேன்.

இந்த மாதம் ஐந்தாம் தேதி உனக்கு வேறொரு பதில் எழுதி ஒட்டியும் வைத்தேன். அனுப்பவில்லை. அதை எழுதிய பிறகு அவர் என் முகத்தைப் பார்க்க மறுத்தார். இதைச் சான்று என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நீ தெரிந்துகொள்ள வேண்டும்."

பனச்சமூட்டு ஆட்டைப் பற்றியும் அரைப் பக்கம் எழுதினேன். அது இல்லாமல் விளங்காது.

நவம்பர் 25, திங்கள்

தபாலாபீஸில் ஆறு பேர். நின்றேன்.

நவம்பர் 28, வியாழன்

மைனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பழைய கடிதம் உட்பட. என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். சிறுகிழங்கு சுரண்டிக்கொண்டே, "எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்பிடித் தெரியும்?"

"அவரு சொன்னாரு."

இவளை ஒன்றும் செய்ய முடியாது.

டிசம்பர் 12, வியாழன்

அனூஜ் எழுதியிருக்கிறான். நான்கு வரி. "தன்யாவை ஊருக்கு அனுப்புகிறேன். பிரசவம் நெய்யாற்றின்கரையிலேயே ஆகட்டும். அம்மா அங்கேயே, அப்பாவோடு. இல்லத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அத்தை, அந்த ஆடு உண்மையிலேயே உண்டா?"

மைனி கடிதத்தை வாங்கி அண்ணன் கையில் கொடுத்தாள். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, கடிதத்தைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கடிதத்தை மடியில் வைத்துத் தடவினார்.

எழுத்து ஒன்றுகூடத் தெரியாமல் ஒரு கடிதத்தை முழுதாகப் படித்த ஆளை இன்றுதான் பார்த்தேன்.

டிசம்பர் 20, வெள்ளி

முதல்வர் எல்லாரையும் கூட்டி அறிவித்தார். சத்தியராஜ். நான் முதல் ஆளாகப் போய் வாழ்த்துச் சொன்னேன். லட்டு தின்றேன். "மேடத்துக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல" என்று யாரோ பின்னால் சொன்னார்கள். சத்தியராஜ் அதை நம்பி நிம்மதியானார். நுண்ணோக்கி வாங்கித் தருவாராம். பலூன் ஊதிய அதே வாயால் சொன்னார்.

ஆறு மணிக்கு அண்ணன் வீடு. தன்யா அடுத்த வாரம் வருகிறாள். கொசுவலையைக் கழுவிப் போட்டிருந்தார்கள். மைனி அடுப்படியில். நான் வலையை மடித்துக்கொண்டே, சந்தையில் விலைவாசி, மழை இல்லை, பஸ்ஸில் கூட்டம் என்று ஏதேதோ பேசினேன். பேச்சு சரியாகத்தான் இருந்தது. குரலும் சரியாகத்தான் இருந்தது. அவருக்கு இரண்டும் வேண்டியிருக்கவில்லை. கட்டிலிலிருந்து இடது கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்; வலை என் கையிலிருந்து நழுவியது.

"தத்த" என்றார்.

விடவில்லை. நானும் எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. இதற்கு நான் மார்க் போடவில்லை.

அடுப்படியிலிருந்து மைனியின் குரல் வந்தது. அங்கிருந்து பார்த்தால் அவர் முகம் தெரியாது.

"என்ன சொல்லுதாரு பிரேமா?"

"ஒண்ணும் இல்ல மைனி" என்றேன். "இது வேற தத்தயாக்கும்."